ஐயாவின் ஆமா

பெரிய வீடுகளிலிருந்து எனக்கு அழைப்பு வரும்போது முதலில் யாராவது ஒரு டிரைவரோ கணக்குப்பிள்ளையோதான் வருவார்கள். அந்த வீட்டிலிருந்து மகனே நேரில் வந்தார். தென்காசியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் என் கிளினிக். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. படியேறி வந்தவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தனக்கு முன்னால் காத்திருந்த இரண்டு பேர் முடித்துப் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பாவுக்கு வாய் வரல மேடம். மதுரையில வச்சுப் பாத்தாச்சு. வலது கை, கால் கொஞ்சம் தேறியிருக்கு. பேச்சுதான் இல்ல. வீட்டுக்கு வந்து பாக்க முடியுமா? குத்தாலத்துல இருக்காரு" என்றார்.

அப்பா யார் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அவரை எல்லோரும் ஐயா என்றுதான் சொல்வார்கள். வக்கீலாக இருந்தவர். மாநிலங்களவைக்கு மூன்று முறை போனவர். டெல்லியில், தமிழில் பேசப்போவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு அப்படியே பேசுவார். அவர் பேசப் பேச அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாற்றிச் சொல்ல ஆட்கள் உண்டு. அவர் பேச்சின் வேகத்துக்கு அவர்கள் திணறுவார்கள் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அவர் பேச்சுகளில் ஒன்று மட்டும் எல்லோருடைய போனிலும் இருந்தது. சுரங்கச் சட்டம் பற்றிய விவாதத்தில் எங்கள் மலையடிவாரத்து ஊர் ஒன்றைப் பற்றிப் பேசியது. ஊரின் பெயர் இங்கே வேண்டாம். அந்த மலையிலிருந்து எடுத்துப்போன ஒரு கல்லை அவையில் தூக்கிக் காட்டுவார். அவைத் தலைவர், பொருள்களைக் காட்ட அனுமதியில்லை, கீழே வையுங்கள் என்பார். இவர் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: "வெடி வைக்கிறவன் தூரத்தில் போய் நின்றுகொள்வான். மலைக்குக் கீழே வீடு கட்டியிருப்பவன் எங்கே போய் நிற்பான்?" அந்த இடத்தில் மேசைகளைத் தட்டும் சத்தம் கேட்கும். வீடியோ அதோடு முடிந்துவிடும். பீடி சுற்றும் பெண்கள்கூட அதை எத்தனையோ முறை போட்டுக் கேட்டிருப்பார்கள்.

நான் போக ஒப்புக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

வீடு ஐந்தருவிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. சாரல் பிடித்திருந்த நேரம். சாலை முழுக்கத் துண்டும் எண்ணெய்த் தலையுமாகக் கூட்டம். கேட்டைத் தாண்டினால் அந்தக் கூச்சல் அப்படியே நின்றுபோகும். சுவர்களில் பாசி. எல்லா ஜன்னலும் மலையைப் பார்த்திருந்தன. மேகம் இறங்கினால் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒன்றுமே இருக்காது.

ஐயாவைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். செங்கோட்டைக்காரர், கொல்லத்தில் பல வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். பாதி மலையாளம் கலந்து பேசுவார். ஐயாவை "சாரே" என்பார். முதல் நாள் அவர்தான் என்னை உள்ளே கூட்டிப்போனார்.

"சாருக்கு ரெண்டே ரெண்டு வார்த்தைதான் டாக்டரே வருது. கேட்டுப் பாருங்க" என்றார்.

ஐயா சக்கர நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. வலது கை மடியில் கிடந்தது. நான் வணக்கம் சொன்னதும் இடது கையைத் தூக்கி, கணீரென்ற குரலில், "மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே" என்றார். ஒரு எழுத்துக்கூடச் சிதையவில்லை. அதற்குமேல் வாய் திறந்தபடி நின்றது. நெற்றி நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை.

இது நடப்பதுதான். மூளையின் இடது பக்கம் அடிபட்டவர்களுக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை எடுக்க முடியாது. ஆனால் ஆயிரம் முறை சொல்லிப் பழகிய வார்த்தை தானாக வந்து விழும். சிலருக்குச் சாமி பெயர் வரும், சிலருக்குக் கெட்ட வார்த்தை வரும். இவருக்கு இது.

இன்னொரு வார்த்தை "ஆமா". ஒரு ஸ்பூனைக் காட்டி, "அய்யா, இது சீப்பா?" என்றேன். "ஆமா" என்றார். சீப்பைக் காட்டி, "இது ஸ்பூனா?" என்றேன். "ஆமா." ஆனால் இரண்டையும் முன்னால் வைத்து, "தலை சீவ எது வேணும், எடுங்க" என்றதும் இடது கை தயங்காமல் சீப்பை எடுத்தது. ஆக, கேட்பது புரிகிறது, நினைப்பும் இருக்கிறது. வாயில் வருகிற ஆமா மட்டும் நினைப்போடு சேரவில்லை. இதுவும் பலருக்கு இருப்பதுதான். முதல் நாளே மகனிடம் இதைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ அப்பாவுக்கு எல்லாம் புரியுது?"

"புரியுது சார். ஆனா அவரு ஆமான்னு சொன்னா அது ஆமாதான்னு எடுத்துக்கிடக் கூடாது."

"புரியுதுல்லா, அது போதும் மேடம்" என்றார்.

அந்தப் பதில் ஏன் உறுத்தியது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று யோசித்ததில் அவருடைய பேச்சுகளையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. மாநிலங்களவை விவாதங்கள் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. நான் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் போட்டுக் காட்டினேன். பீடித் தொழிலாளர் வைத்தியம் பற்றி ஒன்று. செங்கோட்டை வழியாகப் போகிற ரயில் பற்றி ஒன்று. குளங்களின் கரை பற்றி ஒன்று. வாக்கியத்தின் கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்திவிடுவேன். அவர் முடிக்க வேண்டும். முதல் வாரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஒருநாள், "குளத்தில் இருக்க வேண்டியது..." என்று நிறுத்தியதும், "தண்ணி" என்றார். செங்கோட்டைக்காரர் கை தட்டிவிட்டார். ஐயா சிரித்தார், பாதி முகத்தால். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சமைக்காமல் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் சில மாற்றங்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஐயாவைப் பார்க்க வருகிற பழைய ஆட்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவருடைய போன் காணாமல் போயிற்று. முன்னறையில் எனக்குத் தெரியாத இரண்டு பேர் எப்போதும் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொள்ளவே மாட்டார்கள். நான் உள்ளே போகும்போது ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார், வெளியே வரும்போது மற்றவர் பார்ப்பார். மத்தியானம் எங்கோ தூரத்தில் வெடிச்சத்தம் கேட்கும். சமவெளியில் ஏற்கெனவே இருக்கிற குவாரிகள். சத்தம் சின்னதுதான், ஆனால் கட்டிலருகே இருந்த தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை ஓடும். ஐயா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மலைப் பேச்சை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். போனில் சுற்றுகிற துண்டு வேண்டாம், முழுசாக எடுப்போம் என்று அந்த நாள் விவாதத்தையே தேடினேன். அதில்தான் பார்த்தேன். ஐயா பேசி முடித்து, வேறு சிலர் பேசி, அமைச்சர் பதில் சொல்லி, பிறகு சட்டத்தை நிறைவேற்றும் நேரம். ஐயா அதில் ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறார். மலையடிவாரக் குடியிருப்புகளுக்கு அருகே வெடி வைக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி. தலைவர் அவர் பெயரைச் சொல்லி, உங்கள் திருத்தத்தை வலியுறுத்துகிறீர்களா என்று கேட்கிறார். ஐயா பாதி எழுந்து, மைக்கைப் பார்க்காமல், "நாட் பிரெஸ்ஸிங், சார்" என்கிறார். வலியுறுத்தவில்லை. அவ்வளவுதான். அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். சட்டம் நிறைவேறுகிறது.

எனக்கு இதெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. கட்சி ஏதாவது சொல்லியிருக்கும், கூட்டணி இருந்திருக்கும். ஆனாலும் எங்கள் ஊர்ப் போன்களில் கல்லைத் தூக்கிக் காட்டியவர் மட்டும்தான் இருந்தார். பாதி எழுந்து உட்கார்ந்தவர் இல்லை.

மறுநாள் பேச்சை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவதாகத்தான் இருந்தேன். "எங்கே போய்..." என்று நிறுத்தியதும் ஐயா, "நிப்பான்" என்று தெளிவாகச் சொன்னார். மிச்சப் பேச்சை ஓடவிட்டு, நான் அவர் முகத்தைப் பார்த்துப் பாராட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு முடிந்து, அதற்கு அடுத்ததாக நான் போனில் சேமித்திருந்த திருத்தத் துண்டு தானாக ஓட ஆரம்பித்ததைக் கவனிக்கவில்லை. அவர் குரலே, "நாட் பிரெஸ்ஸிங், சார்" என்றது. ஐயாவின் இடது கை வீசி வந்து போனைத் தட்டிவிட்டது. அது சுவரில் பட்டுக் கண்ணாடி விரிந்தது. முகம் சிவந்துபோய் மூச்சு வாங்கினார். செங்கோட்டைக்காரர் ஓடிவந்து நெஞ்சைத் தடவிவிட்டார்.

"சாரே, ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். "டாக்டரே, இன்னைக்கு மதி, போதும். போயிட்டு வாங்க."

வாசலில் மகன் நின்றுகொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதைப் பற்றிக் கேட்கவில்லை. என்னை உட்காரச் சொன்னார். காபி வந்தது.

"மேடம், ஒரு சின்ன உதவி. வர்ற வாரம் அங்கன ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு" என்று அந்த மலையடிவாரத்து ஊரைச் சொன்னார். "குவாரிக்கு. நம்ம ஆளுகதான் எடுக்குதாங்க. ஊர்க்காரங்க அப்பா சொன்னாக் கேப்பாங்க. அப்பா வந்து மேடையில இருக்கட்டும். நான் சம்மதந்தானன்னு கேப்பேன். அவரு ஆமான்னு சொன்னாப் போதும். நீங்க பக்கத்துல இருந்து, ஐயாவுக்கு எல்லாம் புரியுதுன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சார், நான் முதல் நாளே சொன்னேன். அவரு எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொல்லுவாரு."

"சொன்னீங்க" என்றார் அமைதியாக. "அதான் உங்களக் கேக்குதேன்." பிறகு எழுந்து, ஜன்னலைச் சாத்தியபடி, "உங்க வீட்டுக்காரரு போலீஸ்லதான இருக்காரு? பிள்ளைய பஸ்லதான் அனுப்புதீங்க, இல்லையா?" என்று கேட்டார். நான் அந்த வீட்டில் என் குடும்பத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் யூனிபார்ம் சட்டையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நீ உடம்பு சரியில்லைன்னு சொல்லிரு. போகாத. வேற என்னத்தையும் சொல்லாத" என்றார்.

"நான் போகலன்னாலும் அவர மேடையில ஏத்தத்தான போறாங்க?"

"ஏத்தட்டும். நீ ஏத்தல."

அவர் சொன்னது நியாயம்தான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்கப் பிள்ளையை நானே பள்ளியில் கொண்டுபோய் விட்டேன். எங்கள் தெரு முனையில் ஒரு வெள்ளைக் கார் நிற்கும். அது வேறு யாருடைய காராகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஐயா அந்தப் போனைத் தட்டிவிட்ட கை என் கண்ணிலேயே நின்றது. அத்தனை நாளில் அவர் எனக்குத் தெளிவாகச் சொன்ன ஒரே சொந்தப் பேச்சு அதுதான். நான் போகாவிட்டால் அங்கே அவருடைய ஆமாவைப் பற்றித் தெரிந்த ஒருவரும் இருக்க மாட்டார்கள். போனேன்.

ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். வெளியே போலீஸ். உள்ளே நாற்காலி போதாமல் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அதிகாரிகள் இருந்தார்கள். ஓரத்தில் ஐயாவின் சக்கர நாற்காலி, அவர் தோளில் சால்வை. பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. அவரைக் கண்டதும் சனங்கள் எழுந்து கும்பிட்டார்கள். அவர் இடது கையை உயர்த்தினார். சிலர் அழுதார்கள்.

மகன் நன்றாகப் பேசினார். வேலை வரும், ரோடு வரும் என்றார். பிறகு அப்பா பக்கம் குனிந்து மைக்கை நீட்டினார்.

"அப்பா, நம்ம ஊருக்கு நல்லதுதான? உங்களுக்குச் சம்மதந்தான?"

"ஆமா" என்றார் ஐயா. மண்டபம் முழுக்க அந்தப் பழைய கணீர்க் குரல் கேட்டது. முன்வரிசையில் உட்கார வைத்திருந்த ஆட்கள் கை தட்டினார்கள். பின்னால் தரையிலிருந்து ஒரு வயதான அம்மா எழுந்தார். பீடி சுற்றிப் பழுப்பேறிய விரல்கள். கையில் போன்.

"ஐயா, நீங்கதான டெல்லியில பேசுனீங்க? இந்தா இருக்குல்லா, வெடி வைக்காதன்னு? இப்ப இப்படிச் சொல்லுதீங்களே?"

மகன் சிரித்துக்கொண்டே மைக்கை என்னிடம் கொடுத்தார். "டாக்டரம்மா சொல்லட்டும். அப்பாவுக்கு எல்லாம் நல்லாப் புரியுது, இல்லையா மேடம்?"

மைக்கை வாங்கிக்கொண்டு எழுந்தேன். "புரியுது" என்றேன். "அய்யாவுக்கு எல்லாம் புரியுது. ஆனா பக்கவாதத்துல அவருக்கு ஆமாங்கிற வார்த்தை தானா வருது. அதை அவரு சம்மதம்னு எடுத்துக்கிட முடியாது."

"மேடம்" என்றார் மகன் மெதுவாக.

நான் ஐயா பக்கம் திரும்பினேன். "அய்யா, நாம இப்ப டெல்லியிலயா இருக்கோம்?"

"ஆமா."

எங்கோ ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

"அய்யா, இந்த மலையில வெடி வைக்கக் கூடாது. அதத்தான சொல்லுதீங்க?"

"ஆமா" என்றார்.

யாரும் கை தட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ஐயாவின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அவ்வளவு பலம் அந்தக் கையில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஊருக்கு முன்னால் என்னை இப்படிக் காட்டிவிட்டாயே என்ற பிடியா, விடாதே என்ற பிடியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு ஆட்கள் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேடைக்குக் கீழே ஒரே கூச்சல். கூட்டத்தை ஒத்திவைப்பதாக அதிகாரி அறிவித்தார்.

வெளியே காருக்குப் பக்கத்தில் மகன் என்னிடம் கோபப்படவில்லை. "நாளையிலேர்ந்து வர வேண்டாம் மேடம். பாத்துப் போங்க, மழையில ரோடு வழுக்குது" என்றார்.

ஒரு வாரம் கழித்துச் செங்கோட்டைக்காரர் போன் செய்தார். அவரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம்.

"சார எங்கயோ கொண்டுபோயிட்டாங்க டாக்டரே. வீடு பூட்டிக் கிடக்கு. வழியில அவுங்கள எங்க பாத்தாலும் மிண்டாம, ஒண்ணும் பேசாம போயிருங்க. நானும் அப்படித்தான்" என்றார். கடைசியாக, "போற அன்னைக்குச் சாரு தண்ணின்னு சொன்னாரு. தானாவே கேட்டாரு" என்றார்.

அடுத்த மாதம் கணவருக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் வந்தது. யார் சொல்லி வந்தது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பெட்டி கட்டும்போது, "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா பிள்ளைய இங்கன விட்டுட்டுப் போகப் பயமா இருக்கு" என்றார். பிள்ளையும் நானும் இங்கேயே இருந்துவிட்டோம். மருந்துக் கடைக்காரர் மாடி அறை தன் தம்பிக்கு வேண்டும் என்றார். செங்கோட்டை சாலையில் வேறு அறை பார்த்தேன். அங்கே ஜன்னலுக்குக் கீழே கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசையில் நிற்கும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் திரும்ப நடந்தது. வேலைநாளில், வேறு இடத்தில் வைத்ததால் ஊரிலிருந்து போனவர்கள் கொஞ்சம்தான். ஐயா வரவில்லை. பதிலுக்குத் திரையில் அவரைக் காட்டினார்களாம். கல்யாண மண்டபத்தில் எடுத்த வீடியோ. உங்களுக்குச் சம்மதந்தான என்று மகன் கேட்கிறார், ஐயா ஆமா என்கிறார், கை தட்டுகிறார்கள். அதோடு நறுக்கிவிட்டார்கள். இப்போது எங்கள் பக்கத்துப் போன்களில் அந்த வீடியோவும் சுற்றுகிறது. நிறைய பேர் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். டெல்லிக்காரர் என்றால் இப்படித்தான், அன்றைக்கு ஒன்று இன்றைக்கு ஒன்று என்கிறார்கள். நான் சிலரிடம் விளக்கிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார்கள். பிறகு பேச்சை மாற்றினார்கள்.

அனுமதி கிடைத்துவிட்டது, வெடி வைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஐயா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. உயிரோடுதான் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். இல்லையென்றால் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள்.

போன வாரம் அந்த அம்மா, மண்டபத்தில் போனோடு எழுந்து நின்றவர், என் புது அறையைத் தேடிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு. தண்ணீர் கொடுத்தேன். போனை எடுத்துப் படங்கள் காட்டினார். சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல், அதில் அவருடைய பேத்தி கையை விட்டுக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அடுத்த படம் சமையல்கட்டுக்குப் பின்னால், மலையிலிருந்து உருண்டு வந்து நிற்கிற ஒரு பாறை. மேலே இன்னும் இரண்டு பாறைகள் மரத்தில் சாய்ந்து நிற்கின்றன.

"ஐப்பசி மழை வரப்போகுதும்மா. கலெக்டரப் பாக்கப் போறோம். பத்துப் பொம்பளைக. எங்களுக்குப் பேச வராது. நீங்க அன்னைக்குப் பேசுனீங்கல்லா, கூட வாங்க" என்றார்.

"என்னைக்கு?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை."

ஜன்னலுக்குக் கீழே லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"வருதேன்" என்றேன். "பிள்ளைய எங்க விட்டுட்டு வர்றதுன்னுதான் யோசிக்கேன்."